தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறியாதீர்கள், வெந்நீரில் போட்டுப் பாருங்கள்

கார் சூடாகிறது என்று பட்டறையில் கொண்டுபோய் நிறுத்தினால் நம் பக்கத்தில் அடிக்கடி காதில் விழுகிற பேச்சு இது: "தம்பி, மதுரை வெயிலுக்கு வால்வு எதுக்கு? அதெல்லாம் குளிர் ஊருக்கு. கழட்டிட்டு ஓட்டு, ஒண்ணும் ஆகாது." சொல்கிறவர் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் அப்படிச் சொல்லியிருப்பார், அவருக்கும் முன்னால் ஒருவர் சொல்லியிருப்பார். ஆனால் கணக்கு தப்பு. கத்திரி வெயிலில் மதுரையில் 40 டிகிரி அடிக்கிறது என்று வையுங்கள். எஞ்சினுக்குள் ஓடி அதன் சூட்டை எடுத்துப்போகிற திரவமான கூலன்ட் இருக்க வேண்டிய சூடு 90 டிகிரிக்குப் பக்கத்தில். இடையில் இன்னும் 50 டிகிரி கிடக்கிறது. அதை வெயில் கொடுக்காது. எஞ்சின் தன் சூட்டிலேயே ஏறி அங்கே போக வேண்டும், போனபின் அங்கேயே நிற்க வேண்டும். அப்படி நிறுத்தி வைப்பதுதான் இந்த வால்வின் வேலை.

நான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு மே மாதம் மாமாவின் பழைய பெட்ரோல் காரில் ஐந்து பேர் கொடைக்கானல் கிளம்பினோம். வத்தலக்குண்டு தாண்டி காமக்காபட்டியில் டீ குடித்துவிட்டு மலை ஏறத் தொடங்கும்போது எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் நடுவுக்கும் கீழேதான் இருந்தது. உள்ளே முழு ஆள், ஏசி ஓடுகிறது, பாதி வழி இரண்டாவது கியர். டம்டம் பாறை வருவதற்குள், "மாப்ள, முள்ளு மேல போகுது பாரு" என்றார் மாமா. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டது. ஓரம் கட்டி எஞ்சினை அணைத்து, ஆறும் வரை ஒன்றரை மணி நேரம் சாலையோரம் நின்றோம், சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு. ஊருக்குத் திரும்பி வந்து வால்வு உட்காருகிற ஹவுசிங்கைத் திறந்தால் உள்ளே வால்வே இல்லை. முந்தின வருஷம் வேறு ஏதோ வேலைக்கு விட்ட இடத்தில் எடுத்துவிட்டிருக்கிறார்கள். பில்லிலும் எழுதவில்லை, வாயாலும் சொல்லவில்லை.

வால்வை எடுத்தால் தண்ணீர் தாராளமாக ஓடுமே, பிறகு ஏன் சூடானது? அன்றைக்கு எனக்கும் இந்தக் கேள்வி வந்தது. பதில் வால்வின் அமைப்பில் இருக்கிறது.

கையில் எடுத்துப் பார்த்தால் பம்பரம் போல இருக்கும். நடுவில் ஒரு பித்தளைக் குப்பி, அதைச் சுற்றி ஒரு ஸ்பிரிங், மேலே வட்டமான தட்டு. குப்பிக்குள் மெழுகு, அதில் செம்புத் தூளும் கலந்திருக்கும், சூடு சீக்கிரம் பரவ வேண்டும் என்பதற்காக. மெழுகு உருகும்போது விரியும், விரிந்து ஒரு ஊசியைத் தள்ளும், தட்டு இருக்கையை விட்டு விலகும், கூலன்ட் ஆறுகிற இடமான ரேடியேட்டருக்கு வழி கிடைக்கும். ஆறினால் மெழுகு சுருங்கும், ஸ்பிரிங் தட்டைப் பழையபடி மூடிவிடும். கரன்ட் வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம். இந்த மெழுகு முறையை 1930-களில் அமெரிக்காவில் செர்ஜியஸ் வெர்னெட் என்பவர் கொண்டுவந்தார், இன்றைக்கும் உங்கள் காரில் இருப்பது அடிப்படையில் அதேதான்.

இப்போது வால்வின் அடிப்பக்கம் பாருங்கள். பல கார்களின் வால்வில் அங்கே இன்னொரு சின்னத் தட்டு இருக்கும். எஞ்சின் ஆறியிருக்கும்போது கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் பைபாஸ் என்கிற குறுக்கு வழியில் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். மேல் தட்டு திறக்கத் திறக்க இந்தக் கீழ்த் தட்டு அந்தக் குறுக்கு வழியை அடைக்கும். வால்வையே பிடுங்கிப் போட்டுவிட்டால் குறுக்கு வழியை அடைக்க ஆளில்லை. சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் அப்படியே எஞ்சினுக்குத் திரும்பிவிடும். ஊருக்குள் ஓட்டும்போது தெரியாது. மலையேறும்போது, ஆள் நிறைய இருக்கும்போது, ஏசியோடு சேர்ந்து அது வெளியே வரும். மாமா காரில் நடந்தது இதுதான்.

சமதரையில் அதே வண்டி நேர்மாறாக நடந்துகொண்டது. வால்வு இல்லாமலே ஒருநாள் கூலன்ட் சூட்டை எண்ணாகக் காட்டும் ஸ்கேனர் மாட்டிக்கொண்டு கப்பலூரிலிருந்து விருதுநகர் பக்கம் மணிக்கு 80 கிலோமீட்டரில் போய்ப் பார்த்தேன், 70 டிகிரிக்கு வரவே இல்லை. எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்து அதன் கம்ப்யூட்டர் கூடுதலாகப் பெட்ரோல் விட்டுக்கொண்டிருக்கும், மைலேஜ் போகும். ஆயில் போதுமான சூட்டுக்கு வராததால் அதில் சேருகிற ஈரம் ஆவியாகாமல் தங்கும், ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உள்பக்கம் மோர் மாதிரி வெளுப்பாகப் படிந்திருக்கும். தேய்மானமும் அதிகம். ஆக, வால்வு இல்லாத வண்டி தரையில் குளிர்ந்து கெடும், மலையில் சூடாகிக் கெடும்.

சரி, வால்வு இருக்கிறது, அது வேலை செய்கிறதா என்று சந்தேகம். எப்படிப் பார்ப்பது?

முதலில் கழற்றாமல், வண்டியில் வைத்தே

காலையில் வண்டி எடுப்பதற்கு முன்னால் செய்யுங்கள், ராத்திரி முழுவதும் நின்று நன்றாக ஆறியிருக்க வேண்டும். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன்: சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள், துணி போட்டும் திறக்காதீர்கள். அந்த மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கிறது, 0.9 அல்லது 1.1 என்று அதன்மேல் எழுதியிருக்கும். அந்த அழுத்தத்தில் கூலன்ட் 120 டிகிரியிலும் கொதிக்காமல் திரவமாகவே கிடக்கும், மூடியைத் திருகிய நொடியில் கொதித்துப் பொங்கி ஆவியோடு முகத்தில் அடிக்கும். ஆற விடுவதற்கு ஒரு மணி நேரம் போனால் போகட்டும்.

ஆறிய வண்டியில் மூடியைத் திறந்து கூலன்ட் மட்டம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். குறைவாக இருந்தால் வால்வைக் குற்றம் சொல்வதற்கு முன்னால் எங்கே ஒழுகுகிறது என்று தேட வேண்டும். நிறத்தையும் பாருங்கள். பச்சையோ சிவப்போ நீலமோ தெளிவாக இருந்தால் நல்லது. துருத் தண்ணீராக இருந்தால் யாரோ போர் தண்ணீரை ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். மதுரையைச் சுற்றி எத்தனையோ இடங்களில் போர் தண்ணீர் உப்பு, வெந்நீர் போடுகிற பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு பிடிக்கிறதே, அதே சுண்ணாம்புதான் ரேடியேட்டர் குழாயிலும் வால்வின் ஊசியிலும் பிடிக்கும். நான் பார்த்த இறுகிப்போன வால்வுகளில் பெரும்பாலானவை இப்படிப் போனவைதான்.

மூடியைப் போட்டுவிட்டு எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள், ஏசி வேண்டாம். ரேடியேட்டரின் மேல் பக்கத்திலிருந்து எஞ்சினுக்குப் போகும் தடித்த ரப்பர் ஹோஸில் கை வையுங்கள். ஃபேன் பக்கம் விரலோ, துப்பட்டாவோ, வேட்டி நுனியோ போகக் கூடாது. எலக்ட்ரிக் ஃபேன் சொல்லாமல் சுற்றும், சில கார்களில் எஞ்சினை அணைத்த பிறகும் சுற்றும். வால்வு நன்றாக இருந்தால் முதல் சில நிமிடங்கள் அந்த ஹோஸ் கிட்டத்தட்ட ஆறியே இருக்கும், எஞ்சின் பக்கம் சுட ஆரம்பித்தும் ஹோஸ் சும்மாவே இருக்கும். பிறகு ஒரு கட்டத்தில், ஒரு நிமிடத்துக்குள், கை வைக்க முடியாத அளவு சுடும். அந்தத் திடீர் மாற்றம்தான் நீங்கள் தேடுவது, வால்வு திறந்த நேரம் அது.

ஸ்டார்ட் செய்ததிலிருந்தே ஹோஸ் மெதுவாக, எஞ்சினோடு கூடவே சூடாகிக்கொண்டு வந்தால் வால்வு திறந்தபடி நின்றுவிட்டது, அல்லது உள்ளே வால்வே இல்லை. முள் நடுவைத் தாண்டி மேலே போயும் ஹோஸும் ரேடியேட்டரும் குளிர்ந்தே இருந்தால் வால்வு மூடியபடி இறுகியிருக்கலாம். அந்த இடத்தில் உடனே எஞ்சினை அணைத்துவிடுங்கள், இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று விட்டால், எஞ்சினின் மேல் பாகமும் கீழ்ப் பாகமும் சேரும் இடத்தை ஒழுகாமல் அடைக்கிற ஹெட் கேஸ்கெட் போகும், செலவு பல மடங்கு. ஆனால் வாட்டர் பம்ப் சுற்றாவிட்டாலும், உள்ளே காற்று அடைத்திருந்தாலும் இதே அறிகுறி வரும் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

இன்னொரு விஷயம். புதிய கார்கள் பலவற்றில் வால்வு கீழ் ஹோஸ் பக்கம், அதாவது ரேடியேட்டரிலிருந்து தண்ணீர் எஞ்சினுக்குத் திரும்பும் வழியில் இருக்கும். அதில் மேல் ஹோஸ் முன்னதாகவே வெதுவெதுப்பாகலாம், கீழ் ஹோஸ் எப்போது சூடாகிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். உங்கள் காரில் எந்தப் பக்கம் என்று தெரியாமல் மேல் ஹோஸைத் தொட்டுவிட்டு வால்வு போச்சு என்று சொல்லிவிடாதீர்கள்.

டாஷ்போர்டு முள்ளை ரொம்ப நம்ப வேண்டாம். பல கார்களில் அது வேண்டுமென்றே மந்தமாக அமைக்கப்பட்டது, 75-லும் நடுவில் நிற்கும், 100-லும் நடுவில் நிற்கும், ஓட்டுகிறவர் பயப்படக் கூடாது என்பதற்காக. சில கார்களில் முள்ளே இல்லை, நீலமாக ஒரு விளக்கு, சிவப்பாக ஒரு விளக்கு, அவ்வளவுதான். அதனால் சின்னதாக ஒரு ஓபிடி ஸ்கேனர் வாங்கி ஸ்டியரிங் அடியில் உள்ள சாக்கெட்டில் செருகி, போனில் புளூடூத் வழியாகக் கூலன்ட் சூட்டைப் பாருங்கள், நல்ல செலவு அது. எண் சீராக ஏறிக்கொண்டே வரும், எண்பதுகளில் எங்கேயோ ஒரு இடத்தில் தயங்கும், சில சமயம் இரண்டு மூன்று டிகிரி இறங்கிவிட்டு மறுபடி ஏறும். ரேடியேட்டரில் ராத்திரி முழுக்கக் கிடந்த ஆறின தண்ணீர் உள்ளே வருவதால் அந்த இறக்கம், வால்வு திறந்ததற்கு நல்ல சாட்சி. பிறகு ரிங் ரோட்டிலோ மேலூர் சாலையிலோ ஏறி 80-ல் ஒரே சீராக ஓட்டிப் பாருங்கள். கோரிப்பாளையம் சிக்னலில் நின்று நின்று போகும்போது 90-க்கு வந்து, காற்று அடிக்கிற திறந்த சாலையில் 70-க்கு இறங்கினால் வால்வு மூடவில்லை என்று அர்த்தம். செக் எஞ்சின் விளக்கு எரிந்து ஸ்கேனரில் பி 0128 என்று வந்தாலும் எஞ்சின் போதுமான சூட்டுக்கு வரவில்லை என்றுதான் சொல்கிறது, அதில் முதலில் சந்தேகப்பட வேண்டியது வால்வைத்தான்.

நின்றால் மட்டும் சூடாகிறது, ஓடினால் இறங்கிவிடுகிறது என்றால் வால்வைத் தொடாதீர்கள், ஃபேனைப் பாருங்கள், அதற்குக் கரன்ட் கொடுக்கும் ரிலேயைப் பாருங்கள்.

கழற்றுவது

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஆறிய பிறகு ரேடியேட்டருக்கு அடியில் சுத்தமான டப் ஒன்றை வைத்து இரண்டு லிட்டர் அளவுக்குக் கூலன்ட்டை இறக்குங்கள், வால்வு இருக்கும் உயரத்துக்குக் கீழே மட்டம் இறங்கினால் போதும். கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைகால் இனிக்கும், நாயும் மாடும் ஆடும் நக்கிக் குடிக்கும், குடித்தால் சிறுநீரகம் போய்ச் செத்துவிடும். தெருவிலோ சாக்கடையிலோ ஊற்றிவிடாமல் டப்பை மூடி உயரத்தில் வையுங்கள். வீட்டில் குழந்தை இருந்தால் இன்னும் கவனம்.

ஹோஸ் எஞ்சினில் போய்ச் சேரும் இடத்தில் ஒரு சின்ன அலுமினியம் அல்லது பிளாஸ்டிக் மூடி இருக்கும், அதுதான் ஹவுசிங். இரண்டு அல்லது மூன்று போல்ட், பெரும்பாலும் 10 அல்லது 12 நம்பர் ஸ்பானர். கழற்றுவதற்கு முன்னால் போனில் இரண்டு மூன்று கோணத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். போல்ட் வரவில்லை என்றால் பலத்தைக் காட்டாதீர்கள், துருவுக்கு அடிக்கும் ஸ்பிரேயை அடித்துவிட்டு அரை மணி நேரம் போய் வேறு வேலை பாருங்கள். அலுமினியத்துக்குள் போல்ட் முறிந்தால் லேத் பட்டறைக்கு அலைய வேண்டியிருக்கும்.

மூடி வந்ததும் வால்வை உடனே பிடுங்காமல் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள், அதையும் படம் எடுங்கள். விளிம்பில் சின்னதாக ஓட்டை, அதில் ஆடுகிற ஒரு குட்டி ஊசி இருக்கும், காற்று வெளியேறுவதற்கானது, அது எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். குப்பியும் ஸ்பிரிங்கும் எஞ்சின் பக்கம், சூடு வரும் பக்கம் பார்த்திருக்க வேண்டும். அப்படி இல்லாமல் தலைகீழாக இருந்தால் உங்கள் கேள்விக்குப் பதில் அங்கேயே கிடைத்துவிட்டது.

எடுத்ததும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஆறிய வால்வில் தட்டைச் சுற்றி வெளிச்சம் கீற்றாகக்கூடத் தெரியக் கூடாது. தெரிந்தால் மூடவில்லை, பாத்திரம் வைக்கவே தேவையில்லை, புதிது வாங்குங்கள். ஸ்பிரிங் உடைந்திருந்தாலும், ஊசி சாய்ந்திருந்தாலும், குப்பி ஓரத்தில் மெழுகு கசிந்து பிசுபிசுப்பாக இருந்தாலும் அதே முடிவுதான். லேசான சுண்ணாம்புப் படிவு மட்டும் என்றால் வினிகரில் ஒரு மணி நேரம் ஊறப் போட்டுக் கழுவிவிட்டுச் சோதிக்கலாம்.

பாத்திரத்தில் போட்டுப் பார்ப்பது

இனிமேல் சமையலுக்கு எடுக்கப் போவதில்லை என்கிற பழைய பாத்திரம் ஒன்று வேண்டும், வால்வில் கூலன்ட் ஒட்டியிருக்கும் என்பதால் இதில் சமரசம் வேண்டாம். 110 டிகிரி வரை காட்டும் தெர்மாமீட்டர், பள்ளிக்கூட லேப் சாமான் விற்கிற கடையில் கிடைக்கும், சமையலுக்கு வரும் டிஜிட்டல் கம்பியும் சரி. காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரை இதற்கு எடுக்காதீர்கள், அது 42 டிகிரியோடு முடிந்துவிடும், கொதிக்கிற தண்ணீரில் வெடிக்கும், பழைய கண்ணாடி வகையாக இருந்தால் உள்ளே பாதரசம் வேறு. அப்புறம் ஒரு இடுக்கி, கொஞ்சம் பூக்கட்டுகிற நூல், ஒரு ஸ்கேல்.

வால்வின் விளிம்பிலோ குப்பியின் அடியிலோ பாருங்கள், 82 அல்லது 88 என்கிற மாதிரி ஒரு எண் பொறித்திருக்கும். திறக்க ஆரம்பிக்கிற சூடு அது. முழுவதும் திறப்பதற்கு அதற்கு மேல் பத்துப் பன்னிரண்டு டிகிரி ஆகும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, 88 என்று போட்டிருக்கிறதே, 90-ல் பாதிகூடத் திறக்கவில்லையே என்று நல்ல வால்வைத் தூக்கிப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் தெர்மாமீட்டரையே சோதியுங்கள். தளதளவென்று கொதிக்கிற தண்ணீரில் விட்டால் மதுரையில் 99-க்கும் 100-க்கும் இடையில் காட்ட வேண்டும். 96 காட்டினால் அந்த நான்கு டிகிரியை மனதில் வைத்துக்கொண்டு மற்ற எண்களைக் கூட்டிப் படியுங்கள். கொடைக்கானலில் இருப்பவர்கள் இதைச் செய்தால் வேறு மாதிரி வரும், அங்கே 2,000 மீட்டருக்கு மேல் உயரம், தண்ணீர் 93 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும், 88 வால்வு அங்கே முழுதாகத் திறக்காது, அது வால்வின் குற்றம் இல்லை.

கொதித்த தண்ணீரில் வால்வை ஒருமுறை இறக்குங்கள். அரை நிமிடம், ஒரு நிமிடம் ஆகும், மெழுகு உருக நேரம் வேண்டும். தட்டு எழும்பி நன்றாக வாய் திறந்ததும் ஸ்கேலை வைத்து எவ்வளவு திறந்திருக்கிறது என்று பாருங்கள், பல கார்களுக்கு எட்டு மில்லிமீட்டராவது இருக்க வேண்டும், உங்கள் காரின் சர்வீஸ் புத்தகத்தில் வேறு அளவு இருந்தால் அதுதான் கணக்கு. இப்போது இடுக்கியால் வெளியே எடுத்த கையோடு, வாய் மூடுவதற்குள், நூலை மூன்று இழையாக முறுக்கி அந்த இடைவெளிக்குள் வையுங்கள். ஆற ஆற தட்டு இறங்கி நூலைக் கவ்விக்கொள்ளும். அறைச் சூட்டுக்கு வந்ததும் நூலைப் பிடித்துத் தூக்கினால் வால்வு அதிலேயே தொங்க வேண்டும். தொங்கினால் வால்வின் பாதி வேலை, அதாவது மூடுவது, சரி. நூல் சும்மா உருவிக்கொண்டு வந்தால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது அல்லது தட்டு சரியாக உட்காரவில்லை.

பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தண்ணீர் எடுத்து, பாத்திரத்தின் குறுக்கே ஒரு கரண்டியை வைத்து, அதில் நூலைக் கட்டி, வால்வு முழுவதும் தண்ணீருக்குள் முங்கி அடியில் தொடாமல் தொங்கும்படி விடுங்கள். பாத்திரத்தின் அடி தண்ணீரை விடச் சூடு அதிகம், அதில் வால்வு உட்கார்ந்தால் தப்பான எண் வரும். தெர்மாமீட்டரும் அடியைத் தொடாமல் குப்பிக்குப் பக்கத்தில் இருக்கட்டும். அடுப்பைச் சிறு தீயில் வையுங்கள், இது ரொம்ப முக்கியம், பெரிய தீயில் தண்ணீர் ஏறுகிற வேகத்துக்கு மெழுகு ஈடு கொடுக்காது. நடுநடுவே மெதுவாகக் கலக்கிவிடுங்கள்.

70 வரைக்கும் ஒன்றும் நடக்காது. 75 வாக்கில் பாத்திரத்தின் ஓரத்திலும் ஸ்பிரிங்கின் வளையங்களிலும் பொடிப்பொடியாகக் காற்றுக் குமிழ் ஒட்டும், அது தண்ணீரில் கரைந்திருந்த காற்று, அதைப் பார்த்து எதுவும் முடிவு செய்ய வேண்டாம். 80 தாண்டியதும் கண்ணை எடுக்காதீர்கள். நூல் இறுக்கமாக நிற்கும், வால்வு லேசாக ஆடும், 84, 85, 86. பிறகு, எந்தச் சத்தமும் இல்லாமல், நூல் ஒரு இழை அளவுக்கு நழுவும், அடுத்த நொடி வால்வு நூலை விட்டுவிட்டுப் பாத்திரத்தின் அடியில் டங்கென்று விழும். அந்தச் சத்தம் கேட்ட நேரத்தில் தெர்மாமீட்டர் காட்டிய எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். நானும் மாமாவும் அவர் காருக்கு வாங்கிய 88 வால்வை இப்படிப் போட்டபோது 87-ல் விழுந்தது. எண்ணிலிருந்து இரண்டு டிகிரி அப்படி இப்படி இருந்தால் நல்ல வால்வு. ஐந்து டிகிரி முன்னாலேயே விழுந்தால் சோர்ந்துவிட்டது. 95 ஆகியும் தொங்கிக்கொண்டே இருந்தால் அதை வண்டியில் போடாதீர்கள்.

விழுந்த பிறகு அடுப்பை அணைத்துவிடாமல் கொதிக்க விட்டு, முழுத் திறப்பைக் கண்ணால் பாருங்கள், பிறகு அணைத்து ஆற விட்டு எப்போது முழுவதும் மூடுகிறது என்றும் பாருங்கள். திறந்த எண்ணுக்குச் சில டிகிரி கீழேதான் மூடும், அது இயல்பு. ஒரு தடவை சரியாக வேலை செய்துவிட்டு இரண்டாவது தடவை பாதியில் மாட்டிக்கொள்கிற வால்வும் உண்டு, ஊசியில் சுண்ணாம்பு பிடித்தால் இப்படிச் செய்யும், அதனால் குறைந்தது மூன்று தடவை.

புதிதாக வாங்கியதையும் மாட்டுவதற்கு முன்னால் இதே பாத்திரத்தில் போட்டுப் பாருங்கள். பக்கத்து வீட்டு அண்ணன் காருக்கு வாங்கி வந்த புது வால்வு ஒன்று 82 என்று எழுதியிருந்தும் 93 வரை அசையவில்லை. கடைக்காரர் மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார், ஆனால் மாட்டிய பிறகு தெரிந்திருந்தால் ஒரு நாள் வேலையும் கூலன்ட்டும் போயிருக்கும். வாங்கும்போது பழையதில் இருந்த அதே எண்ணைக் கேளுங்கள். நம்ம ஊர் சூடு, கொஞ்சம் குறைவான எண்ணாகப் போடலாமே என்று 88-க்கு 76 போட வேண்டாம், எஞ்சினின் கம்ப்யூட்டர் எந்தச் சூட்டை எதிர்பார்த்து அமைக்கப்பட்டிருக்கிறதோ அதைத்தான் கொடுக்க வேண்டும்.

ஒரு வகை வால்வுக்கு மட்டும் இந்தச் சோதனை பொருந்தாது. ஹவுசிங்கில் கரன்ட் ஒயர் சாக்கெட் இருந்தால் அது எலக்ட்ரானிக் தெர்மோஸ்டாட், மெழுகுக்குள் சின்னதாக ஒரு ஹீட்டர் இருக்கும், கம்ப்யூட்டர் தேவைப்படும்போது அதைச் சூடாக்கி முன்னதாகத் திறக்க வைக்கும். ஹீட்டர் இல்லாமல் அது பெரும்பாலும் 100-க்கு மேல்தான் திறக்கும், உங்கள் பாத்திரத் தண்ணீர் அந்தச் சூட்டுக்கு வரவே வராது. திறக்கவில்லை என்று அதைத் தூக்கி எறிந்தால் நஷ்டம் சில நூறு ரூபாயோடு நிற்காது. அதை ஸ்கேனரை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

திரும்ப மாட்டுவது

ஹவுசிங் முகத்தில் ஒட்டியிருக்கிற பழைய கேஸ்கெட்டை ஸ்குரூ டிரைவரால் சுரண்டாதீர்கள், அலுமினியத்தில் கீறல் விழுந்தால் அங்கே ஒழுகும், பழைய ஏடிஎம் கார்டு போதும். புது ரப்பர் வளையம் போடுங்கள், ரப்பர் வளையத்துக்கு மேலே பசை தேவையில்லை. குப்பி எஞ்சின் பக்கம், காற்று ஊசி மேல் பக்கம், படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். போல்ட்டுகளை மாற்றி மாற்றிச் சமமாக முடுக்குங்கள், மணிக்கட்டு பலம் போதும், தோள் பலம் வேண்டாம்.

கூலன்ட் ஊற்றும்போது காற்று உள்ளே மாட்டிக்கொள்வதுதான் அடுத்த தலைவலி. வண்டியின் முன்பக்கம் கொஞ்சம் மேடாக இருக்கிற மாதிரி நிறுத்துங்கள், வீட்டு வாசல் சரிவே போதும். ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். மதுரையில் ஹீட்டரை யார் போடுகிறார்கள் என்று கேட்காதீர்கள், யாரும் போடாததால்தான் அந்தக் குழாயில் காற்று தங்குகிறது. எஞ்சின் ஆறியிருக்கும்போதே மூடியைத் திறந்து வைத்து மெதுவாக ஊற்றி, ஸ்டார்ட் செய்து, ஹோஸைக் கையால் பிசைந்து பிசைந்து விடுங்கள், குமிழ் குமிழாகக் காற்று வரும், மட்டம் இறங்கும், மறுபடி ஊற்றுங்கள். குமிழ் நின்றதும் மூடியைப் போட்டு ஃபேன் ஒரு தடவை சுற்றி நிற்கும் வரை ஓட விடுங்கள். ரேடியேட்டரில் மூடியே இல்லாமல் பிளாஸ்டிக் டேங்க் மட்டும் இருக்கிற கார்களில் காற்று எடுக்க தனியாக ஒரு திருகு இருக்கும். எவ்வளவு நேரம் ஆனாலும் குமிழ் நிற்கவில்லை, எக்ஸாஸ்ட்டில் வெள்ளைப் புகை வருகிறது என்றால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள்.

ஊற்றுவது கலந்து வரும் கூலன்ட்டாகவோ, கூலன்ட்டோடு டிஸ்டில்டு வாட்டர் சரிபாதி கலந்ததாகவோ இருக்கட்டும். நமக்கு ஐஸ் பிடிக்கும் பயம் இல்லைதான், துருவையும் சுண்ணாம்பையும் தடுப்பதற்கு அது வேண்டும்.

அடுத்த நாள் காலை ஆறிய எஞ்சினில் மட்டத்தைப் பாருங்கள், கொஞ்சம் இறங்கியிருக்கும், உள்ளே ஒளிந்திருந்த காற்று வெளியேறியதால். நிரப்பிவிட்டு வண்டிக்கு அடியில் ஒரு பழைய அட்டையை விரித்து வையுங்கள். மூன்றாம் நாள் மட்டமும் இறங்காமல் அட்டையும் ஈரமாகாமல் இருந்தால் ஸ்கேனரை மாட்டிக்கொண்டு முன்னால் ஓட்டிப் பார்த்த அதே சாலையில் அதே வேகத்தில் ஒரு தடவை போய் வாருங்கள். மாமா காரில் கப்பலூர் தாண்டியதும் 89-ல் வந்து நின்ற எண் விருதுநகர் வரை ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் ஆடவில்லை.